வாரம் ஒரு பயிற்சி, ஒரு நோட்டுப் புத்தகம்: இரண்டு வருடப் புகைப்பட அனுபவம்

மலேசியாவின் பினாங்கில், வகுப்புக்குப் போகாமல், எனக்கு நானே பயிற்சி வைத்துக்கொண்டு புகைப்படம் பழக ஆரம்பித்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது. இப்படிப் பழகினால் உண்மையிலேயே கை தேறுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேறும். ஆனால் படம் எடுப்பதால் தேறியதைவிட, எடுத்த படத்தைப் பற்றி எழுதியதால் தேறியதுதான் அதிகம்.

கேமரா பழையது, கைமாறி வந்தது. அதில் ஒரே ஒரு 35 மி.மீ. லென்ஸ். சனிக்கிழமை காலையில் ஒரு பயிற்சி: ஒரு வாரம் நிழல் மட்டும், ஒரு வாரம் மஞ்சள் நிறம் மட்டும், ஒரு வாரம் ஒரே அஞ்சடியில் (கடைகளுக்கு முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதை) ஒரு மணி நேரம். படங்களை உடனே பார்ப்பதில்லை. எடுத்த அன்று பார்த்தால் அந்த இடத்தின் சத்தமும் சாம்பிராணி வாசமும் மனசில் இருக்கும். படத்தில் அவை இருப்பதாகவே தோன்றிவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை இரவுதான் திறப்பேன். ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் மூன்று வரி. எதைப் பார்த்து நின்றேன், படத்தில் என்ன விழுந்திருக்கிறது, நாளைக்கே திரும்பப் போனால் எதை மாற்றுவேன். ‘நன்றாக இருக்கிறது’, ‘சுமார்’ என்று எழுதக் கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட விதி. அந்த இரண்டு சொல்லையும் தடுத்த பிறகுதான் கண் படத்துக்குள் போக ஆரம்பித்தது.

லெபோ குவீன் தெருவில் இருக்கும் மகாமாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் பூக்கட்டும் அக்கா ஒருவரிடம் அனுமதி கேட்டு, பல சனிக்கிழமை ‘கைகள்’ என்ற பயிற்சியைச் செய்தேன். முதல் மூன்று வாரமும் நோட்டில் ஒரே வரி: ‘மல்லிகை அழுக்காகத் தெரிகிறது.’ கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டே வெளிச்சத்தைக் கணக்குப் போடுகிறது. தட்டு நிறைய வெள்ளைப் பூ இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, ஒரு படி கூட்டி வைத்தேன், பூ வெளுத்தது. இது சின்ன விஷயம்தான். படித்தும் தெரிந்துகொள்ளலாம். ஆனால் மூன்று வாரம் அழுக்கு மல்லிகையைப் பார்த்த பிறகு படித்ததால், அது இன்றுவரை மறக்கவில்லை.

பெரிய விஷயம் மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது. ஒருநாள் நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். பதினோரு இடத்தில் ‘முகம் தெரியவில்லை’ என்று வேறு வேறு தேதிகளில் எழுதியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் குனிந்துவிட்டார் என்றே நினைத்திருக்கிறேன். எல்லாப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் நடுவில் இருப்பது வகிடு. அவர் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நான் நின்றுகொண்டு எடுத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை அஞ்சடிப் படியில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அக்கா நிமிர்ந்து பார்த்து, “இப்பதான் தம்பி, ஒழுங்கா உக்காந்து பேசுற மாதிரி இருக்கு” என்றார். அன்று எடுத்த படத்தில் நூலைப் பல்லில் கடித்து இழுக்கும் நொடியில் அவர் கண் நேராக எதிரில் இருக்கிறது. எந்தத் தனிப் படமும் இந்தத் தவறை எனக்குக் காட்டியிருக்காது. பதினோரு வரி சேர்ந்துதான் காட்டியது.

சரி, இந்த முறை கைவிடும் இடங்களும் உண்டு. ஒரு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே, அதாவது தேநீர், ஆற்றுவதை 1/400 விநாடி ஷட்டர் வேகத்தில் எடுத்தபோது படம் முழுக்க இருட்டுப் பட்டைகள். ‘லென்ஸ் கோளாறு’ என்று இரண்டு வாரம் எழுதிக்கொண்டிருந்தேன். கோளாறு லென்ஸில் இல்லை. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மங்கித் துடிக்கும், வேகமான ஷட்டர் அந்தத் துடிப்பில் ஒரு துண்டைத்தான் பிடிக்கும். 1/100-க்கு இறக்கியதும் பட்டை போய்விட்டது. என்ன தப்பு என்பதைச் சுயவிமர்சனம் சொல்லும், ஏன் என்பதைச் சொல்லாது. அதற்குப் படிக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, பாசம் இருக்கும் இடத்தில் நம் கண்ணை நம்பக் கூடாது. 2024 தைப்பூசத்துக்கு முந்தைய நாள் நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து முருகனின் வெள்ளி ரதம் புறப்பட்டபோது அறுநூறு படம் எடுத்தேன். அம்மா கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காக நேர்ந்துகொண்டு ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். அந்தப் படத்துக்கு நோட்டில் அரைப் பக்கம் எழுதினேன். ஃபிலிம் காலத்தில் ஸ்டுடியோவில் வேலை பார்த்த சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, “எடுக்கறப்ப நீ அழுதிருப்படா, ஆனா படத்துல ஒரு சேலையோட முதுகுதான் இருக்கு” என்றார். அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை பத்துப் படம் அச்சுப் போட்டு அவரிடம் காட்டுகிறேன். 2025-ல் ஃபிலிம் சுருள் போல 36 படம் மட்டும் என்று வைத்துக்கொண்டு போனேன். ரதம் வருவதற்கு முன்பே ஓர் இடத்தில் நின்று காத்திருந்தேன். தேங்காய்க் குவியலுக்கு அந்தப் பக்கம், சாமி பார்க்கும் திசையிலேயே நானும் ஜனங்களைப் பார்த்தபடி. அந்தத் தடவை முகங்கள் விழுந்தன.

பினாங்கில் பழகுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் லென்ஸை அலமாரியில் பையோடு வைத்துப் பூஞ்சைக்குக் கொடுத்தேன். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் பனி பிடிக்கும். அதைத் துடைக்காமல், பையிலேயே வைத்து வெளிக்காற்றுக்குப் பழகவிட்டு அப்புறம் எடுப்பது நல்லது.

வாரம் ஒரு மணி நேரம் எழுத முடியாதவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். வெறும் பயிற்சியை மட்டும் செய்தால் நூற்றுக்கணக்கில் படம்தான் சேரும். எழுத மனசு இருந்தால், ஓர் அஞ்சடியும் ஒரு லென்ஸும் போதும்.

இந்த மாதம் ‘உச்சி வெயில்’ எடுத்துக்கொண்டிருக்கிறேன். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஏறக்குறைய ஒன்றேகாலுக்கு. லெபோ பாசார் தெருவில் அந்த நேரத்தில் நிழல் எல்லாம் காலடியில் சுருண்டுவிடும், அஞ்சடிக்குள் மட்டும் தரையில் பட்ட வெயில் கீழேயிருந்து முகத்தில் ஏறும். மூன்று வாரமாகப் போகிறேன். நோட்டில் இன்னும் ‘கண் குழி இருட்டு’ என்றுதான் எழுதியிருக்கிறது. இந்தச் சனிக்கிழமை துணிக்கடை வாசலில், வெள்ளைச் சுவருக்கு எதிரே நின்று பார்க்கப் போகிறேன்.