பழைய அவெஞ்சருக்குப் புது இருக்கை: தென்காசிக் குஷன் கடையும் மற்ற வேலைகளும்

தாழ்வான இருக்கை கொண்ட க்ரூஸர் வகை பைக்கைப் பழையதாக வாங்கியவர், கையில் மிச்சமிருக்கும் பணத்தை முதலில் இருக்கையில் போடட்டும். சைலன்சர், பளபளக்கும் கண்ணாடி, டேங்க் ஸ்டிக்கர் எல்லாம் பிறகு வரட்டும். என் பஜாஜ் அவெஞ்சரை எனக்கேற்ற வண்டியாக மாற்றியது தென்காசி பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஒரு சிறிய குஷன் கடை. பெயர்ப் பலகைகூட இல்லை. வாசலில் கிழிந்த ஆட்டோ இருக்கைகள் அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம்.

நான் செங்கோட்டைக்காரி. புனலூரில் ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாரத் தொடக்கத்தில் மலையேறி அந்தப் பக்கம் இறங்குவேன், வார இறுதியில் திரும்புவேன். புளியரை, எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் கேரளாவுக்குப் போகும் வழி இது. ஏற்றத்தில் லாரி முனகிக்கொண்டு நின்றால், பின்னால் வருகிற அத்தனை பேரும் வளைவிலேயே காலூன்றி நிற்க வேண்டும்.

அதனால்தான் க்ரூஸர் தேடினேன். என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். அவெஞ்சர் க்ரூஸ் 220-இன் இருக்கை உயரம் 737 மில்லிமீட்டர். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிகின்றன. சரிவில், மழையில், பின்னால் ஒரு பஸ் ஒட்டி நிற்கும்போது இந்த ஒன்று எவ்வளவு பெரிய நிம்மதி என்பது குட்டையாக இருப்பவர்களுக்குத்தான் தெரியும். புனலூரில் ஒருவர் விற்ற 2019-ஆம் ஆண்டு வண்டி, முன் சக்கரத்துக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் வசதி) உள்ளது. எஞ்சினும் பல்சர் 220 வகையறா என்பதால், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்கத் தயங்குவதில்லை. கவாசாகி எலிமினேட்டர் என்று 2001-இல் பஜாஜ் கொண்டுவந்த வண்டியின் வாரிசாக 2005-இல் பிறந்தது அவெஞ்சர். இத்தனை ஆண்டுகளாகத் தெருவில் ஓடுவதால் உதிரி பாகங்களுக்கும் பஞ்சமில்லை.

உயரம் சரி, நீளம்தான் சிக்கல். க்ரூஸரில் கால் வைக்கும் இடம் முன்னால் தள்ளியிருக்கும். உயரமானவருக்கு அது கால் நீட்டும் சொகுசு. எனக்கோ பின் பிரேக்கை அழுத்தும் ஒவ்வொரு முறையும் இடுப்பு இருக்கையிலிருந்து வழுக்கி முன்னால் வந்தது. ஹேண்டில்பாரை முழுதாகத் திருப்பினால் வெளிப்பக்கக் கை எட்டுவதே பாடாக இருந்தது.

இன்னொரு விஷயத்தையும் புது ஓட்டிகள் கவனிக்க வேண்டும். சாதாரண பைக்கில் கால்கள் உடம்புக்குக் கீழே இருக்கும். பள்ளம் வந்தால் காலை ஊன்றிச் சற்றே எழுந்துவிடலாம், முழங்கால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். க்ரூஸரில் கால் முன்னால் நீட்டியிருப்பதால் எழ முடியாது. பள்ளத்தின் அடி நேராக முதுகுத்தண்டின் அடி நுனிக்கு வருகிறது. ஆகவே க்ரூஸரில் இருக்கையும் ஒரு ஷாக் அப்சார்பர்தான்.

காலடியைப் பின்னுக்கு நகர்த்தித் தருகிறோம் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். அதற்கு பிரேக் மிதியையும் கியர் இணைப்பையும் வெட்டி ஒட்ட வேண்டும். மலைச்சாலையில் ஓடுகிற வண்டியின் பிரேக்கில் வெல்டிங் வேலை செய்ய நான் சம்மதிக்கவே மாட்டேன். குஷன் கடைக்காரரிடம் கேட்டபோது, வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்: “காலடியை நகர்த்த வேண்டாம் தாயி, உங்களை நகர்த்திவிடலாம்.”

அவர் வேலை செய்ததைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். இருக்கையைக் கழற்றிக் கவிழ்த்துப்போட்டு, ரெக்சினைப் பிடித்திருந்த ஸ்டேப்ளர் ஆணிகளை ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து டப்பாவில் போட்டார். கீழே சிந்தினால் யாருடைய டயரிலாவது ஏறும் என்றார். உறை வந்ததும் உள்ளே இருந்த ஃபோமைக் கட்டைவிரலால் பல இடங்களில் அழுத்தினார். நடுவில் அழுத்திய குழி மேலே எழவே இல்லை. முந்தைய உரிமையாளரின் எடை அங்கே தங்கிவிட்டிருந்தது. வெறும் ஃபோமோடு இருக்கையை வண்டியில் மாட்டி, “ஓட்டும்போது போடுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். நேராக உட்கார வேண்டாம், ரோட்டில் எப்படி உட்காருவீர்களோ அப்படி” என்றார். பிரேக்கில் கால் வைக்கச் சொன்னார். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பச் சொன்னார். என் இடுப்பு நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, தொடையின் உள்பக்கம் படும் இடத்தில் இரண்டு கோடுகள்.

பிறகு ஹாக்ஸா பிளேடை வெறுங்கையில் பிடித்து, நசுங்கிய பகுதியை ரொட்டி அறுப்பதுபோல் அறுத்து எடுத்தார். அந்த இடத்தில் ரீபாண்டட் ஃபோம் என்கிற கெட்டியான ஃபோமை ரப்பர் பசையால் ஒட்டி, அதன்மேல் மெல்லிய மென்மையான ஃபோம் ஒரு படலம். இடுப்புக்குப் பின்னால் இரண்டு அங்குலம் கனத்தில் ஒரு மேடு. அந்த மேடுதான் என்னை முன்னால் தள்ளி உட்காரவைக்கிறது. ஃபோம் சேர்த்தால் உயரம் கூடி, தரையில் பாதம் பதியாமல் போகுமே என்று கேட்டேன். தொடை இறங்கும் இரண்டு பக்கங்களையும் சரித்துச் செதுக்கினார். இருக்கை முன்பக்கம் ஒடுங்கியதால் கால் நேராகக் கீழே இறங்குகிறது, பாதம் முன்பு போலவே முழுதாகப் பதிகிறது. எந்தத் தரக்கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் இவ்வளவு பொறுமையை நான் பார்த்ததில்லை. பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிற எனக்கு அளவு பார்த்து வேலை செய்கிறவர்கள்மேல் தனி மரியாதை உண்டு.

ஃபோம், ரெக்சின், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது. ஹேண்டில்பாரை உயர்த்திப் பின்னுக்கு இழுக்கும் ரைசர் வாங்க எடுத்துவைத்திருந்த பணம் அப்படியே மிஞ்சியது. ஹேண்டிலை அதன் கிளாம்பிலேயே சிறிது பின்பக்கமாகச் சுழற்றியது போதும். இப்படிச் சுழற்றுகிறவர்கள் ஹேண்டிலை இருபுறமும் கடைசிவரை திருப்பி, கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் எங்கேயும் இழுபடவில்லை என்று பார்த்துவிட்டே சாலைக்கு எடுக்க வேண்டும்.

கடையில் எனக்கு ஒரு குறை உண்டு. முதலில் தைத்துத் தந்த உறையில் தையல் கோடு சரியாக உட்காரும் இடத்தில் ஓடியது. தென்மலை மழையில் அந்தத் தையல் வழியே தண்ணீர் இறங்கி, ஃபோம் ஊறி, மறுநாள் காலையிலும் ஈரம் கசிந்தது. திரும்பக் கொண்டுபோனபோது முகம் சுளிக்கவில்லை. தையலை விளிம்புக்கு மாற்றி, உறைக்குக் கீழே பாலித்தீன் தாள் வைத்துத் தந்தார், காசும் வாங்கவில்லை. ஆனால் கேரளப் பக்கம் ஓடும் வண்டி என்று சொல்லித்தான் கொடுத்திருந்தேன். அந்தத் தாளை முதலிலேயே வைத்திருக்கலாம். நீங்கள் போனால் மழையைப் பற்றி வாய்விட்டுச் சொல்லுங்கள். நேரம் தவறுவதும் உண்டு. ‘மாலை தருகிறேன்’ என்றால் மறுநாள் மதியம் என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மதியம் கடை அடைத்திருக்கும்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

டயர்: பூக்கள், அதாவது தரையைப் பிடிக்கும் வெட்டுகள், நன்றாக இருந்தன, ரப்பர் காய்ந்துவிட்டிருந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் அச்சிட்டிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாவது வாரம் தயாரானது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் பூவைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டையும் மாற்றினேன். பின் டயர் 130/90-15 அளவு. எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லி வரவழைக்க வேண்டும். க்ரூஸ் வண்டிக்கு ஸ்போக் சக்கரம், ட்யூப் உள்ள டயர். ஆகவே சக்கரத்தைக் கழற்றியபோதே ஸ்போக்குகளை முறுக்கிக் கோட்டம் எடுத்துவிட்டேன். ஹேண்டிலில் சிறு தடுக்கல் இருந்ததால், அது திரும்பும் இடத்து பேரிங்கான கோன்செட்டும் புதிது.

காற்றுத் தடுப்புக் கண்ணாடி பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். க்ரூஸர் என்றால் உயரமான கண்ணாடி வைத்தால்தான் அழகு என்று எல்லோரும் சொல்கிறார்கள், கடைக்காரர்களும் அதையே நீட்டுகிறார்கள். மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் காற்று வேறு ரகம். தென்காசி வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவது அந்தக் காற்றுதான். செங்கோட்டைக்கும் புளியரைக்கும் இடையே திறந்த வயல்வெளியில் அது பக்கவாட்டில் அடித்தால், அகலமான கண்ணாடி காற்றை வாங்கி ஹேண்டிலையே திருகுகிறது. எதிரே லாரி கடந்துபோகும் நொடியில் காற்று நின்று மறுபடி அடிக்கும். அந்த இடத்தில் கை நடுங்காமல் பிடிக்க வேண்டும். நான் பொருத்தியிருப்பது நெஞ்சளவுக்கு மட்டும் வரும் சிறிய கண்ணாடி. மழைத்துளி ஹெல்மெட்டில் விழத்தான் செய்கிறது, வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது. இந்தப் பக்கத்து ஓட்டிகள் கடைக்காரர் சொல்லுக்கு மயங்காமல் சிறியதையே கேட்டு வாங்குங்கள்.

விளக்கு: கோட்டைவாசலில் மூடுபனி இறங்கும் காலையில் வெள்ளை எல்ஈடி வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்புகிறது. தாழ்வாகப் பொருத்திய மஞ்சள் பனிவிளக்கு ஒரு ஜோடி போதும். அதற்குத் தனி ரிலேயும் ஃப்யூஸும் வைக்கச் சொல்லுங்கள். முகப்பு விளக்கில் அதிக வாட் பல்பு போட்டுச் சமாளிக்க நினைத்தால் ஹோல்டர் உருகும். எதிரே வருபவர் கண் கூசினால் அவர் நம்மேல்தான் வந்து விழுவார் என்பதால், தென்மலை தாண்டியதும் பனிவிளக்கை அணைத்துவிடுகிறேன்.

பக்கவாட்டுப் பை வாங்குகிறவர்கள் கம்பிச் சட்டத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் வலது பை சைலன்சரில் உரசிக் கருகும், இடது பை சக்கரத்தை நோக்கிச் சாயும். தோல் பை பார்க்க மிடுக்காக இருக்கும், புனலூர் மழைக்காலத்தில் அதன்மேல் பூஞ்சை படியும். கெட்டித் துணிப் பையும் மழை உறையும்தான் இந்தப் பக்கத்துக்கு.

சைலன்சரைத் தொடவில்லை, தொடவும் மாட்டேன். கேரள மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பானது. வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் தந்த வடிவத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதே கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு சொல்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். ஆரியங்காவில் விடியற்காலையில் வீட்டு வாசலில் கோலம் போடுகிறவரும் தொட்டிலில் தூங்கும் குழந்தையும் என் வண்டிச் சத்தத்தைக் கேட்க வேண்டிய அவசியம் என்ன?

புனலூர்ப் பக்கம் வண்டி வாங்கும் நம் ஊர்க்காரர்களுக்குக் காகித வேலை பற்றி ஒரு வார்த்தை. பணத்தைக் கொடுப்பதற்கு முன் விற்பவரைப் படிவம் 28-இல் தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பிக்கச் செய்யுங்கள். 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்து வாங்குங்கள். கடன் இருந்த வண்டி என்றால் படிவம் 35-உம் வேண்டும். வேறு மாநிலப் பதிவெண்ணோடு பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருக்க முடியாது. தமிழ்நாட்டில் சாலை வரி கட்டி டிஎன் 76 எண் வாங்கியாக வேண்டும். அந்த வரியையும் வண்டியின் விலையோடு கூட்டிப் பார்த்துப் பேரம் பேசுங்கள். டேங்கின் நிறத்தை மாற்ற நினைப்பவர்கள் அதைப் பதிவுச் சான்றிலும் ஏற்ற வேண்டும். எனக்குப் பழைய நிறமே பிடித்திருக்கிறது.

பின்னிருக்கை இன்னும் பழைய ஃபோமோடுதான் இருக்கிறது. அம்மா குற்றாலம்வரை வந்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். ஐப்பசி மழைக்கு முன் அதையும் குஷன் கடை பாயிடம் கொடுக்கப் போகிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அவரை உட்காரவைத்துத்தான் கோடு போட வேண்டும்.