காணாமல் போன அனிமேஷனைத் தேடி: பல வருடப் பவர்பாயின்ட் அனுபவம்

பயிற்சி வகுப்புகளுக்கு ஸ்லைடு தயாரிப்பதுதான் என் வேலை. பத்து வருடங்களுக்கும் மேலாகப் பவர்பாயின்ட்டோடுதான் குடித்தனம். அதன் அனிமேஷன்களைப் பற்றி எழுதுகிறேன் என்றால், அவை ஓடாமல் போன நாட்களைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கும். ஓடுகிற நாளில் யார் கவனிக்கிறார்கள்?

முதல் பெரிய அடி இது. 11 படிகள் கொண்ட ஒரு செயல்முறை வரைபடம். ஒவ்வொரு க்ளிக்குக்கும் ஒரு பெட்டி, அதன் பின்னால் ஓர் அம்பு என்று வர வேண்டும். ஸ்லைடு ஷோவைத் தொடங்கும் எஃப்5 விசையை அழுத்தினேன், 11 பெட்டிகளும் மொத்தமாக வந்து நின்றன. நான் முதல் பெட்டியைத் தொடுவதற்குள் எதிரில் இருந்தவர்கள் கடைசிப் பெட்டியையே படித்துவிட்டார்கள். அன்று இரவு மென்பொருளை நீக்கி, மறுபடி நிறுவினேன். பலன் இல்லை. வேறொரு கணினிக்குக் கொண்டுபோனேன். அங்கேயும் அதே கதை.

விடை ஒரு சின்னப் பெட்டியில் இருந்தது. ஸ்லைடு ஷோ தாவலில் ‘செட் அப் ஸ்லைடு ஷோ’ என்று ஒன்று உண்டு. அதில் ‘ஷோ வித்தவுட் அனிமேஷன்’ என்ற வரியில் டிக் விழுந்திருந்தது. சில மாதங்களுக்கு முன் அவசரமாக ஓர் ஒத்திகை பார்க்க நானே போட்டது, எடுக்க மறந்திருக்கிறேன். இதில் கவனிக்க வேண்டியது, இந்த டிக் கணினியில் சேமிக்கப்படுவதில்லை, கோப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. மென்பொருளை எத்தனை முறை நிறுவினாலும் அது அசையாது. கோப்பை யாருக்கு அனுப்பினாலும் கூடவே போகும். தொகுக்கும் திரையில் ப்ரிவியூ கொடுத்தால் அனிமேஷன் அழகாக ஓடும். எஃப்5 அடித்தால் மட்டும் படுத்துக்கொள்ளும். இந்த முரண்பாட்டைப் பார்த்தால் வேறெங்கும் அலையாமல் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வந்தது. எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் அனிமேஷன் பேனைத் திறப்பேன், ஸ்லைடில் போட்ட விளைவுகளை வரிசையாகக் காட்டும் பலகை அது. அங்கே பட்டியல் இருக்கிறதா, காலியா? இருந்தால், விளைவு கோப்பில் உயிரோடு இருக்கிறது, ஓடவிடாமல் ஏதோ தடுக்கிறது. காலியென்றால், யாரோ அழித்திருக்கிறார்கள். ‘அனிமேஷன் வரவில்லை’ என்று இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு.

காலியாக இருந்த கோப்புகளில் பாதிக்கு மேல் குற்றவாளி கன்ட்ரோல் ஜி, அதாவது பொருட்களைக் குழுவாக்கும் குறுக்குவிசை. பெட்டிகளுக்குத் தனித்தனியாக அனிமேஷன் கொடுத்து முடித்த பிறகு, ‘கொஞ்சம் இடம் மாற்றலாமே’ என்று எல்லாவற்றையும் பிடித்து ஒரே குழுவாக்கினால் அத்தனை விளைவும் போய்விடும். எச்சரிக்கைச் செய்தி எதுவும் வராது. குழுவைப் பிரித்தாலும் திரும்பி வராது. உடனே கவனித்துக் கன்ட்ரோல் இசட் அடித்தால்தான் உண்டு. நான் இதைக் கற்றுக்கொள்ள மூன்று முறை ஏமாற வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் முதலில் குழுவாக்கிவிட்டு, அப்புறம்தான் அனிமேஷன். இடம் மாற்றத்தான் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அம்பு விசையால் நகர்த்தினால் போதும், குழு எதற்கு?

காலியாவதற்கு இன்னொரு வழி, கோப்பு வேறொரு மென்பொருளுக்குள் போய் வருவது. என்னோடு பணிபுரிந்த ஒருவர், இணையத்தில் இயங்கும் ஒரு ஸ்லைடு சேவையில் என் கோப்பைத் திறந்து, ஒரே ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி, திரும்ப அனுப்பினார். வளைந்து செல்லும் பாதையில் ஓட வேண்டிய பந்து அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சேவைக்குத் தெரிந்தது சில எளிய விளைவுகள் மட்டுமே. தெரியாததை அது விட்டுவிட்டது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? இப்போது திருத்தம் கேட்கும்போது கோப்பின் நகலைத்தான் அனுப்புகிறேன். திருத்தத்தை மூலத்தில் நானே போட்டுக்கொள்கிறேன்.

விளைவு உண்மையிலேயே அழிந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. கொஞ்சம் கிறுக்குத்தனம்தான், ஆனால் எனக்குப் பிடிக்கும். பவர்பாயின்ட் சேமிக்கும் பிபிடிஎக்ஸ் கோப்பு என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் தொகுப்பு. நகல் ஒன்றை எடுத்துப் பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால், ஸ்லைட்ஸ் என்ற அடைவில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அனிமேஷன் உள்ள ஸ்லைடில் ‘டைமிங்’ என்ற குறி ஒன்று கடைசிப் பக்கமாகக் கிடக்கும். அந்தக் குறியே இல்லையென்றால் தேடுவதில் அர்த்தமில்லை, புதிதாகப் போட வேண்டியதுதான். புதிதாகப் போடும்போது, ஒன்றின் அனிமேஷனை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் அனிமேஷன் பெயின்டர் (2010 பதிப்பில் வந்தது) கைகொடுக்கும். ஒரு பெட்டிக்கு ஒழுங்காகச் செய்துவிட்டு, பெயின்டர் பொத்தானை இரட்டைக் க்ளிக் செய்து மற்றவற்றை வரிசையாகத் தொட்டுக்கொண்டே போகலாம்.

சரி, பட்டியல் இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. அந்த டிக்கும் இல்லை. அப்போது ஆல்ட் எஃப்10 அழுத்தி, ஸ்லைடில் உள்ள பொருட்களின் பெயர்ப் பட்டியலான செலக்‌ஷன் பேனைப் பார்ப்பேன். பெயருக்கு அருகே உள்ள கண் அடையாளம் மூடியிருந்தால் அந்தப் பொருள் திரையில் வரவே வராது. அடியில் இருக்கும் படத்தைச் சீராக்க வசதியாக இருக்கட்டும் என்று மேலே உள்ளதை மறைத்துவிட்டு அப்படியே சேமித்த நாட்கள் எனக்கு ஏராளம். சில சமயம் கண் திறந்தே இருக்கும். ஆனால் வெள்ளைப் பின்னணியுள்ள ஒரு படம் மேலே படுத்திருக்கும். பாவம், அனிமேஷன் அதற்கு அடியில் முழுமையாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரே ஒரு கணினியில் மட்டும் தகராறு என்றால் கோப்பை விட்டுவிடலாம். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் ‘டிஸ்ப்ளே’ தலைப்பின் கீழ் ஹார்டுவேர் கிராஃபிக்ஸ் முடுக்கத்தை (திரையில் வரைய கிராஃபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்துவதை) அணைக்கும் வசதி இருக்கிறது. விளைவுகள் சிதறியோ கறுப்பாகவோ வரும்போது அதை மாற்றிப் பார்த்துப் பலன் கண்டிருக்கிறேன். டிஸ்ப்ளே டிரைவரைப் புதுப்பித்ததும் பழையபடி திருப்பிவைத்தேன். ஆப்ஷன்ஸில் அணுகல்தன்மைப் பகுதியில் ‘ஃபீட்பேக் வித் அனிமேஷன்’ என்று ஒன்று கண்ணில் படும். அது மென்பொருளின் சொந்த அசைவுகளுக்கானது. ஸ்லைடுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதில் நான் செலவழித்த அரை மணி நேரத்தை நீங்களாவது மிச்சப்படுத்துங்கள்.

ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பொருட்களைத் தானே நகர்த்திக் காட்டும் மார்ஃப் என்ற மாற்றம் வந்த பிறகு பாதி அனிமேஷன்களை நான் போடுவதே இல்லை. ஒரு ஸ்லைடை நகலெடுத்து, பொருட்களை நகர்த்தி, மார்ஃப் கொடுத்தால் வேலை முடிந்தது. எந்தப் பொருள் எதுவாக மாற வேண்டும் என்று அது குழம்பினால், இரண்டு ஸ்லைடுகளிலும் அந்தப் பொருளுக்கு இரண்டு ஆச்சரியக்குறிகளில் தொடங்கும் ஒரே பெயரைச் செலக்‌ஷன் பேனில் வைத்துவிடலாம். ஆனால் 2013 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் திறந்தால் மார்ஃப் வெறும் ஃபேடாகத்தான் (ஒன்று மங்கி மற்றொன்று தோன்றுவதாகத்தான்) தெரியும். அங்கே எதுவும் உடைந்துபோகவில்லை, அந்தப் பதிப்புக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கோப்பைப் பிடிஎஃப் ஆக்குவது மட்டும் இன்னும் தலைவலி. ஒரே இடத்தில் ஒன்று வந்து ஒன்று போகும்படி அமைத்த பெட்டிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே பக்கத்தில் குவிந்துவிடும். வகுப்பு முடிந்து பிடிஎஃப் கேட்பார்கள் என்று தெரிந்தால், அந்த ஸ்லைடை மட்டும் நான்கைந்து தனி ஸ்லைடுகளாகப் பிரித்துவிடுகிறேன். கோப்பில் ஸ்லைடு எண்ணிக்கை ஏறுகிறது, ஏறட்டும். க்ளிக் எண்ணிக்கை என்னவோ அதேதான்.