கோழி அடைப்புத் தரைக்கு உமியா, நார்க்கழிவா?

காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் 14 நாட்டுக்கோழிகள். கம்பிவலை அடைப்பு, மேலே தகரம், பக்கவாட்டில் சாரல் அடிக்கும். தரையில் எதைப் பரப்புவது என்று இரண்டு வருடமாக மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இப்போது உமியில் வந்து நிற்கிறேன்.

தேவகோட்டைச் சித்தப்பா வீட்டில் மணல். எச்சத்தை அரித்து எடுக்க வசதிதான், ஆனால் சித்திரை வெயிலில் கோழி அதில் கால் வைக்காது. கடலைத்தோலில் பூசணம் பிடித்தால் கோழிக்கு மூச்சுக்கோளாறு வரும். மரத்தூளை ஒரே ஒரு மாதம், அதுவும் கோடையில்தான் போட்டேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

நிஜப் போட்டி தென்னை நார்க்கழிவுக்கும் உமிக்கும்தான். சிங்கம்புணரிப் பக்கம் கயிற்றுத் தொழில் இருப்பதால் நார்க்கழிவு சுலபமாகக் கிடைத்தது. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சும் என்றுதான் ஆசைப்பட்டு வாங்கினேன். கோடை முழுக்க மெத்தென்று இருந்தது, வாடையே இல்லை. ஐப்பசி பிறந்ததும் ஆரம்பித்தது வினை. சாரலையெல்லாம் குடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. மேலே காய்ந்தாற்போல் இருக்கும், கிளறினால் அடியில் களி. மூன்றாவது வாரம் அம்மோனியா நெடியில் கண் எரிந்தது. குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வந்து நான்கு போய்விட்டன. அந்த நோய்க்கிருமி ஈரக் கூளத்தில்தான் முற்றித் தொற்றும் பருவத்துக்கு வரும் என்றார் கால்நடை மருத்துவர். நான் உறிஞ்சுவதைப் பார்த்து வாங்கியிருந்தேன். காய்வதைப் பார்த்திருக்க வேண்டும்.

உமி அவ்வளவாகக் குடிக்காது, ஆனால் ஒரு வெயில் அடித்தால் உலர்ந்துவிடும். நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி வாரம் இருமுறை கிளறுகிறேன், மழைக்காலத்தில் தினமும். குருணையைத் தூவிவிட்டால் பாதி வேலையைக் கோழிகளே பார்த்துவிடும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பேன். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் அந்த இடத்தை வாரிக் கொட்டிவிட்டுப் புது உமி.

குறை இல்லாமல் இல்லை. காற்றில் பறந்து தண்ணீர்க் கிண்ணத்தில் விழும், அதனால் கிண்ணம் செங்கல் மேல் ஏறிவிட்டது. மக்கவும் நாளாகும், முருங்கை அடியில் கொட்டியது ஆறு மாதம் கழித்தும் உமியாகவே கிடக்கிறது. அப்புறம், சின்ன மில்லில் வாங்கினால் தவிடு கலந்து வரும். ஈரம் பட்டால் அது புளித்துப் புழு வைக்கும், மூட்டையைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.