மதுரை அண்ணா நகர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்: இரண்டாவது பிரசவத்துக்குக் காத்திருப்பவர்கள் அவசியம் போக வேண்டிய இடம்

கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் பற்றி வழிகாட்டும் இந்தக் கூட்டத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். காலை பத்தரை மணிக்கு ஒரு வீட்டு மாடியில் தொடங்கி, மதியச் சாப்பாட்டு நேரம் வரை நடக்கும். கட்டணம் இல்லை, தேநீர்ச் செலவுக்கு உண்டியலில் விரும்பியதைப் போடலாம். பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவரும், ஏற்கெனவே இங்கே வந்து பயன்பெற்ற தாய்மார்கள் சிலரும் நடத்துகிறார்கள். முதல் குழந்தை சிசேரியனில் பிறந்து, இரண்டாவதைச் சுமந்துகொண்டு அங்கே போனவள் நான்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. எத்தனையோ தாய்மார்களின் உயிரைக் காத்த சாதனை அது. அதே கணக்கெடுப்பில் சிசேரியன் ஏறக்குறைய 45 சதவீதம். தனியார் மருத்துவமனைகளில் 60 சதவீதத்தையும் தாண்டுகிறது. அறுவை தேவைப்பட்டவர்களுக்கு அது கிடைத்தது நல்லதே. ஆனால் ஏன் என்று அவர்களில் எத்தனை பேருக்குச் சொன்னார்கள்? எனக்குச் சொல்லவில்லை. “பனிக்குட நீர் குறைந்துவிட்டது, கையெழுத்துப் போடுங்கள்” என்றார்கள். இடுப்பு வலியோடு, ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கூட்டத்தில் சிஸ்டர் என்னிடம் முதலில் கேட்டது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத்தான். வயிற்றுத் தழும்பு குறுக்காக இருப்பதால் கருப்பையிலும் குறுக்காகத்தான் வெட்டியிருப்பார்கள் என்று முடிவு செய்யக் கூடாது. அந்தத் தாளில்தான் அது தெரியும் என்றார். கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்து, வேறு சிக்கலும் இல்லையென்றால், ஒரு சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவத்துக்கு முயல்கிற நான்கு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு அது கைகூடுகிறது. பழைய தையல் பிரியும் ஆபத்து ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு. அப்படிப் பிரிந்தால் உடனடியாக அறுவை செய்ய வேண்டும். அதனால் ராத்திரி இரண்டு மணிக்கும் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, ரத்தம் கிடைக்குமா, குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பார்ப்பார்களா என்று மருத்துவமனையில் கேட்கச் சொன்னார். எப்படிக் கேட்பது என்பதையும் அங்கேயே பேசிப் பழக்கினார்கள். ஒருவர் டாக்டராக உட்கார, நான் எதிரே உட்கார்ந்து கேட்டேன். முதல் தடவை குரலே எழும்பவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர் அழைத்தால்தான் வருவார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு, 39 வாரம் முடிந்ததும் சிசேரியனே செய்துகொள்வது என்று நானும் கணவரும் முடிவெடுத்தோம். கூட்டத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. அறுவையிலும் நான் கேட்டுப் பெறக்கூடியவற்றை உட்கார்ந்து எழுதித் தந்தார்கள்: தாயும் சேயும் நன்றாக இருந்தால் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது கழித்து வெட்டுவது, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பது, குழந்தையை என் மார்பிலேயே போடுவது. மூன்றும் நடந்தன. முதல் பிரசவத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. இரண்டாவதை நினைத்தால் அப்படி இல்லை. இரண்டும் சிசேரியன்தான்.

வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போங்கள். பிறந்த குழந்தைக்குச் சேனை வைத்தே ஆக வேண்டும் என்பது என் அத்தையின் பிடிவாதம். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொன்னால் வீட்டில் சண்டை வந்திருக்கும். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “யார் குணம் வர வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அவர் முதலில் பிள்ளையை மடியில் வாங்கட்டும் அம்மா. வாய்க்குத் தாய்ப்பால் மட்டும் போகட்டும்” என்றார். அத்தை அதை முழுமனதாக ஏற்றுக்கொண்டார். தாத்தா மடியில் வாங்கினார்.

விருப்பம் என்ற பெயரில் எதையும் ஆதரிக்கும் கூட்டம் அல்ல இது. காணொளி பார்த்து வீட்டிலேயே பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்று ஒரு தம்பதி கேட்டபோது, 2018இல் திருப்பூரில் அப்படி முயன்ற பெண் இறந்துபோனதைச் சொல்லி, கண்டிப்பாக வேண்டாம் என்றார்கள். அரசு மருத்துவமனையில் பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்ற ஏற்பாட்டை எப்படிக் கேட்டுப் பயன்படுத்துவது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. மாடிப்படி செங்குத்தானது, ஒன்பதாம் மாதத்தில் ஏறுவது பெரும்பாடு. கீழே ஓர் அறை பார்த்தே ஆக வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைப் பற்றிப் பேச்சு மிகக் குறைவு. என்னோடு வந்த ஒரு பெண் அதற்காகத்தான் வந்தார், கேட்காமலே திரும்பிவிட்டார். அதற்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க வேண்டும் என்று நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்ததும் போய்விடுங்கள். மருத்துவமனையை மாற்ற நினைத்தால் அப்போதுதான் அவகாசம் இருக்கும். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், முன்பு பிரசவம் ஆகியிருந்தால் அதன் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சம்மரி தொலைந்திருந்தால் பழைய மருத்துவமனையில் நகல் கேட்டு மனு கொடுங்கள்; மனு எழுதவும் அங்கே உதவுகிறார்கள்.