வீட்டு டிராயிங் இணையத்தில் வாங்கப் போகிறீர்களா? 45 ஆயிரம் போன கதை இது

பணம் இனித் திரும்பாது என்று நேற்று மாலைதான் தெரிந்தது. கோபம் ஆறினால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

வீட்டு பிளான் கையில் இருந்தது. தூண், பீம், தளத்துக்கு எங்கே எவ்வளவு கம்பி என்று காட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் மட்டும் வேண்டும். வேலை செய்பவர்களையும் செய்யச் சொல்பவர்களையும் சேர்த்துவைக்கும் ஒரு இணையதளத்தில் ஒருவரைப் பிடித்தேன். நல்ல மதிப்பெண், நிறையப் பாராட்டுகள். எல்லாவற்றையும் விட, அவர் கேட்ட முதல் கேள்வியில்தான் விழுந்தேன்: "மண் பரிசோதனை அறிக்கை இருக்கா சார்? அது இல்லாம நான் ஃபூட்டிங் போட மாட்டேன்." ஃபூட்டிங் என்றால் தூணுக்கு அடியில் மண்ணில் உட்காரும் அடித்தளம். ஆஹா, பொறுப்பான மனிதர் என்று நினைத்தேன். அறிக்கையை அன்றைக்கே அனுப்பினேன். முழுப் பணம், 45 ஆயிரம், இணையதளத்தில் கட்டினேன்.

பத்து நாளில் முன்னோட்டப் படம் வந்தது. "ஏற்றுக்கொண்டேன்னு அழுத்துங்க சார், அப்பதான் முழு ஃபைல் இறங்கும்" என்றார். அழுத்தினேன். அந்த ஒரு அழுத்தில் 45 ஆயிரமும் அவர் கைக்குப் போய்விட்டது.

கம்பிக் கணக்குப் போடலாம் என்று கம்பி கட்டுகிறவரிடம் தாள்களைக் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவர் பால்கனித் தாளில் நின்றார். "சார், மெயின் கம்பி கீழ காட்டியிருக்கு. இப்படிக் கட்டினா சென்ட்ரிங் பிரிக்கிற அன்னைக்கே தொங்கிடும்." சென்ட்ரிங் என்பது கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும். வெளியே நீட்டிய தளம் பாரத்தில் வளையும்போது இழுபடுவது அதன் மேல்பக்கம். இழுவிசையைக் கான்கிரீட் தாங்காது, கம்பிதான் தாங்க வேண்டும். அதனால் மெயின் கம்பி மேலேதான் வர வேண்டும். இது அவருக்குத் தெரிகிறது, 45 ஆயிரம் வாங்கியவருக்குத் தெரியவில்லை.

அப்புறம் நானே உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். என் மண் அறிக்கையில் மண்ணின் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 120 கிலோ நியூட்டன். டிராயிங்கின் பொதுக் குறிப்பில் 200. மண் அதிகம் தாங்கும் என்று கணக்குப் போட்டால் ஃபூட்டிங் சிறிதாகிவிடும். அப்படியானால் இதில் ஃபூட்டிங்கின் பரப்பு, வேண்டியதில் ஐந்தில் மூன்று பங்குதான். அறிக்கையை அவர் திறந்தே பார்க்கவில்லை! இன்னொரு குறிப்பில் லிஃப்ட் சுவருக்குக் கம்பி சொல்லியிருக்கிறது. என் வீடு ஒரே ஒரு மாடி. எவர் வீட்டு டிராயிங்கோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

டிராயிங் போட்டவரிடம் கேட்டேன். "டைப்பிங் மிஸ்டேக் சார், ரெண்டு நாள்ல திருத்தித் தர்றேன்." நான்காவது நாள் வந்த தாளில் மாறியிருந்தது டைட்டில் பிளாக், அதாவது தாளின் விவரக் கட்டம் மட்டும். திருத்த எண் 0 இருந்த இடத்தில் 1, புதுத் தேதி. பால்கனிக் கம்பி அதே இடத்தில். மறுபடி கேட்டதற்கு, "இதுக்கு மேல திருத்தம்னா தனி சார்ஜ்." இணையதளத்துக்கு எழுதினேன். "நீங்கள் ஏற்றுக்கொண்ட பணி முடிந்ததாகக் கருதப்படும்" என்று ஒரே வரி. மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அதே வரி, ஒரு புள்ளிகூட மாறவில்லை.

ஏமாறாமல் இருக்க விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். பொறுமை இல்லை. முழுத் தாள்களையும் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பொதுக் குறிப்பில் உள்ள தாங்குதிறனை உங்கள் மண் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். பொறியாளர் கையெழுத்தும் பதிவு எண்ணும் இல்லாத தாளைத் தொடாதீர்கள். என் தாள்களில் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

45 ஆயிரம். இப்போது வேறொரு பொறியாளரிடம் முதலிலிருந்து போடச் சொல்லியிருக்கிறேன். பழைய டிராயிங்கைக் காட்டியதும் அவர் கேட்டது, "மண் அறிக்கை இருக்கா?" கொடுத்துவிட்டு, அவர் அதைத் திறந்து படிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.