வேலையை விடுவதா, ஷிப்ட்டோடு ஓட்டுவதா, பக்கத்து வேலைக்குத் தாவுவதா?

வடசென்னையில் கலை ஆசையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மூன்று வழி கண்ணுக்குத் தெரியும். ஒன்று, பேப்பர் போட்டுவிட்டு முழுநேரமாக இறங்குவது. இரண்டு, வேலையில் இருந்தபடியே மிச்ச நேரத்தில் கலையைப் பார்ப்பது. மூன்று, கல்யாண வீடியோ எடிட்டிங், ஆல்பம் டிசைன், ஓவிய ஆசிரியர் என்று கலைக்குப் பக்கத்திலேயே ஒரு சம்பளத்தைத் தேடிக்கொள்வது. கேட்டால் பெரும்பாலானவர்கள் மூன்றாவதைத்தான் கைகாட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்தக் கலை என்பதைப் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றில் அதிகம் ஏமாற்றுவது அந்த மூன்றாவது வழிதான்.

முதலில் பணத்தைப் பார்த்துவிடலாம், வீட்டில் முதலில் வரும் கேள்வி அதுதானே. "ஏன்டா, மாசம் பொறந்தா எவ்ளோ குடுப்ப?" என்று அம்மா கேட்டால், முழுநேரமாக இறங்கியவரால் ஒரே தொகையைச் சொல்ல முடியாது. கல்யாண போட்டோகிராபி எடுத்துக்கொள்ளுங்கள். தேதி பிடிக்கும்போது அட்வான்ஸ் வரும், பாக்கி ஆல்பம் கொடுத்த பிறகுதான் வரும். அதுவும் இழுத்தடித்து வரும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. தவக்காலத்தில் ராயபுரத்து கிறிஸ்தவ வீடுகளில் கல்யாணம் வைப்பது அரிது. ரம்ஜான் மாதத்தில் மண்ணடிப் பக்கம் ஆர்டர் நின்றுவிடும். ஆனால் நம் ஏரியாவில் மூன்று தரப்பும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள். மூன்று பக்கமும் பழக்கம் வைத்திருப்பவருக்கு முழு வறட்சி என்று ஒரு மாதம் வருவது குறைவு.

ஒழுங்கில்லாத வருமானத்தில் குடும்பம் நடத்துவது காசிமேட்டு வீடுகளுக்குப் புதிதல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அதை மனதில் வைத்துத்தான் வருஷக் கணக்கே போடுவார்கள். மாதச் சம்பளத்தில் வளர்ந்த வீட்டுக்கு இந்தக் கணக்கு பழக நாளாகும். அந்தப் பழக்கம் வருவதற்குள் வீட்டில் சண்டை வந்துவிடுவதுதான் முழுநேரக்காரர்கள் பலர் திரும்பி வரக் காரணம் என்பது என் எண்ணம். திறமைக் குறைவால் திரும்புகிறவர்கள் குறைவு.

வேலையில் இருப்பவருக்குச் சம்பளம் தவிர இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன, கையில் இருக்கும்வரை அதன் மதிப்பு தெரியாது. தொடர்ச்சியாக 5 வருஷம் முடியும் முன் பி.எஃப். பணத்தை எடுத்தால் வரி உண்டு. கிராஜுவிட்டிக்கும், அதாவது வேலையை விடும்போது கம்பெனி கொடுக்கும் பணிக்கொடைக்கும், பொதுவாக 5 வருஷம் வேண்டும், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் வரும். பி.எஃப். பென்ஷனுக்கு 10 வருஷம். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு இருக்கும், அவரை நம்பி இருக்கும் அப்பா அம்மாவுக்கும் அயனாவரம் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். வேலையை விட்டால் அது போய்விடும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்க முடியும். அதை வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் பேப்பர் போடலாமே.

வேலை மட்டும் நிரந்தரமா என்று கேட்பவர்களும் உண்டு, கேட்பது நியாயம்தான். பெரம்பூரில் பின்னி மில் என்றும் சொல்லப்பட்ட பி அண்ட் சி துணி மில்லை நம்பித் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் இருந்தன. 1996-இல் அது மூடப்பட்டது. பின்னாளில் அதே பின்னி மில் வளாகத்தில் சினிமா ஷூட்டிங் நடந்தது. ஆகவே சம்பளத்தைக் கோட்டைச் சுவராக நினைக்க வேண்டாம். ஆனால் அது இருக்கும்வரை அதைக் கலைக்குப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்தால் பெரிய பலம்.

எப்படிப் பயன்படுத்துவது? மணலியில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே கானா எழுதிப் பாடும் ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு வாரம் ஏ, அடுத்த வாரம் பி, அதற்கடுத்து சி என்று மாறி மாறி வரும் ஷிப்ட். வெளியில் இருந்து பார்த்தால் இதில் கலைக்கு எங்கே இடம் என்று தோன்றும். அவர் வேலையைப் பிரித்து வைத்திருக்கிறார். நைட் ஷிப்ட் வாரத்தில் மூளை ஓடாது, அதனால் காலையில் வீடு திரும்பும் வழியில் போனில் மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பதிவு செய்துகொள்வார். வார்த்தை வராத இடத்தில் 'தன்னானே' போட்டு நிரப்பிவிடுவார். பி ஷிப்ட் வாரத்தில் மதியம் 2 மணிக்குத்தான் வேலை, காலை முழுக்க உட்கார்ந்து அந்தத் தன்னானேக்களுக்கு வரி எழுதுவார். ஏ ஷிப்ட் வாரத்தில் மாலை ஃப்ரீ, கச்சேரி, சாவு வீடு, கூழ் ஊற்றும் விழா எல்லாம் அந்த வாரத்துக்கு. மற்ற வாரங்களில் அழைப்பு வந்தால் ஷிப்ட் மாற்றிக்கொள்ள கூட வேலை செய்கிறவர்களோடு நல்ல பழக்கம் வேண்டும். அது அவருக்கு இருக்கிறது.

கானாவுக்கு இந்த இரண்டாவது வழி பொருந்துவதற்குக் காரணம், அது இரவிலும் லீவு நாளிலும் கூடும் கலை. கானா பாலா சட்டம் படித்தவர், பாட்டு அவரை சினிமாவில் பிரபலமாக்கியது 2012-க்குப் பிறகுதான். 2017-இல் தொடங்கிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு கானாவுக்குப் புது மேடை அமைத்துக் கொடுத்தது. அதில் பாடிய இசைவாணி 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். மேடை பெரிதாகிவிட்டது, வருமானம் எல்லோருக்கும் அந்த அளவுக்குப் பெரிதாகவில்லை.

சம்பளம் இருப்பவருக்கு இங்கே இன்னொரு லாபம் உண்டு. ஒரு யூடியூப் சேனல்காரர் மொத்தமாக ஒரு தொகை நீட்டி, "எல்லா உரிமையும் எங்களுக்கு" என்று கையெழுத்துக் கேட்டால், அரிசி வாங்கக் காசில்லாதவர் போட்டுவிடுவார். வேலையில் இருப்பவரால் இரண்டு நாள் யோசிக்க முடியும். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோதான் அது போக முடியும். பாடி எழுதும் தம்பிகள் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

இடம் ஒரு பிரச்சினைதான். ஒற்றை அறை வீட்டில் டிவி ஓடும்போது எழுதவோ எடிட் பண்ணவோ முடியாது. கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் குறைந்த கட்டணத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அருகில் இருப்பவர்களுக்கு உதவும்.

இப்போது மூன்றாவது வழி. நாள் முழுக்க யாரோ ஒருவருடைய கல்யாணத்தை வெட்டி ஒட்டுகிறவர், தாலி கட்டும் காட்சிக்கு எங்கே ஸ்லோமோஷன், எங்கே மேளம் ஏற வேண்டும் என்று பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்து தன் குறும்படத்தைத் திறப்பாரா? பெரும்பாலும் மாட்டார். கண்ணும் கையும் ஏற்கெனவே அதே வேலையில் தீர்ந்துபோயிருக்கும். வெல்டிங் பார்த்துவிட்டு வருகிறவருக்கு உடம்புதான் களைத்திருக்கும், படம் பார்க்கும் கண் அப்படியே இருக்கும். ஓவியத்திலும் அதே கதை. அரசுப் பள்ளிகளில் 2012-இல் சேர்ந்த பகுதிநேர ஓவிய ஆசிரியர்களின் தொடக்கச் சம்பளம் 5,000 ரூபாய். அது 12,500-க்கு வந்து சேரப் பல வருஷப் போராட்டம் தேவைப்பட்டது. கலைக்குப் பக்கம் என்பதாலேயே சம்பளம் குறைவாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள் என்று கொடுப்பவர்கள் நினைக்கிறார்கள்.

இதற்கு எதிர் உதாரணம் சோழமண்டலம். பெரியமேடு ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966-இல் ஓவியர்களைச் சேர்த்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கிராமத்தை உருவாக்கினார். பாத்திக் துணி, கைவினைப் பொருள் செய்து விற்றுத்தான் அவர்கள் தங்கள் ஓவியத்தைக் காப்பாற்றினார்கள். அங்கே அது நடந்ததற்குக் காரணம், நேரமும் விற்பனையும் அவர்கள் கையில் இருந்தன. முதலாளியின் டெட்லைனுக்கு எடிட் பண்ணுகிறவருக்கு அந்த வசதி இல்லை. உங்கள் நேரத்தை நீங்களே வைத்துக்கொள்ள முடிந்தால் மூன்றாவது வழிக்குப் போங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். ரயில்வேயில் கலாசார ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கிறது, ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே இரண்டிலும் பாட்டு, வாத்தியம், நடனம் தெரிந்தவர்களை எடுப்பார்கள். இடங்கள் சொற்பம், ஆனாலும் பெரம்பூர்க்காரர்கள் அறிவிப்பைக் கவனித்து விண்ணப்பிக்கலாம்.

சினிமாவுக்கு மட்டும் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். உதவி இயக்குநராகப் போகிறவரை நாளை காலை 5 மணிக்கு ஸ்பாட்டில் இரு என்பார்கள், ஷிப்ட் பார்த்துக்கொண்டு அதற்குப் போக முடியாது. 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு வடபழனி போவது சுலபமாகிவிட்டது, சென்ட்ரலில் ஒரு முறை மாறினால் போதும். ஆனாலும் ஷூட்டிங் முடியும் நேரத்துக்குக் கடைசி ரயில் இருக்காது. அந்தப் பக்கம் ஒரு ரூம் பார்த்தாக வேண்டும். படம் தொடங்கும்வரை பேட்டாவும் கிடையாது. வீட்டுக்கு ஒரு வருஷச் செலவைச் சேர்த்து வைத்துவிட்டு, 5 வருஷ சர்வீஸ் முடிந்ததா என்று பார்த்துவிட்டு, எந்தத் தேதி வரை முயற்சி செய்யப்போகிறீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.