தைராய்டு குறைவோடு வரும் சத்துக் குறைவுகள்: இரும்பு, பி12, வைட்டமின் டி, பயோட்டின் – எதை முதலில் பார்ப்பது?

சோர்வு, முடி கொட்டுதல், உடம்பு வலி, மலச்சிக்கல். இவை தைராய்டு குறைவிலும் வரும், சத்துக் குறைவிலும் வரும். அதனால் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) பார்க்கப் போகிறவர்கள் வைட்டமின் பேக்கேஜையும் சேர்த்து எடுத்துவிட்டு, கை நிறைய மாத்திரையோடு திரும்புகிறார்கள். கையில் காசு அளவாக இருந்தால், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சாப்பாட்டுக்கு எங்கள் வரிசை இதுதான்: முதலில் ஃபெரிட்டினோடு (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் அளவு) முழு ரத்த எண்ணிக்கை, அடுத்து பி12, பிறகுதான் வைட்டமின் டி.

எந்த வைட்டமினும் லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரைக்கு மாற்று கிடையாது. டி.எஸ்.எச். 10-க்கு மேல் போய், ஃப்ரீ டி4-உம் (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) குறைந்திருந்தால் தைராய்டு மாத்திரை வேண்டியதுதான். டி.எஸ்.எச். 4-க்கும் 10-க்கும் நடுவில் நின்று, டி4 சரியாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். சத்துக் குறைவைத் தேடிச் சரிசெய்ய அதுதான் நல்ல நேரம். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரும்பு

வைட்டமின் இல்லைதான், ஆனாலும் முதலிடம் இதற்கே. தைராய்டு ஹார்மோனை உண்டாக்கும் பெராக்ஸிடேஸ் என்ற நொதி வேலை செய்ய இரும்பு தேவை. மறுபக்கம், தைராய்டு குறைந்தால் மாதவிடாயில் ரத்தப்போக்கு கூடும், இருக்கும் இரும்பும் போய்விடும். ஹீமோகுளோபின் 12 இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் இருப்பு கரைகிறது என்று அர்த்தம். பச்சரிசி, மண், விபூதி என்று வாய் தேடுவதும் இதன் அடையாளம்.

கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம்: 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம். ஆனால் அதிலுள்ள ஃபைட்டேட்டும் டானினும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். இந்த வகையில் களியைவிட, இரவே கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சிய கூழ் மேல். களிதான் வேண்டும் என்றால் கீரைக் குழம்போடு எலுமிச்சைத் துண்டு ஒன்றையும் சேருங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம்.

தவறு நடக்கும் இடம் ஒன்றுண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். மறக்காமல் இருக்க வேண்டும் என்று தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே விழுங்குகிறார்கள். இரும்பு குடலில் தைராய்டு மருந்தைப் பிடித்துக்கொள்ளும். டி.எஸ்.எச். ஏறும், டோஸையும் ஏற்றுவார்கள். டோஸில் குறையில்லை, நேரத்தில்தான். இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் விடுங்கள்.

பி12

இரும்பைப் போல இது தைராய்டு ஹார்மோன் தயாரிப்பில் நேராகக் கை வைப்பதில்லை, கூடவே வரும். உடம்பின் எதிர்ப்பு சக்தி தைராய்டையே தாக்கும் ஹஷிமோட்டோ நோயில், சிலருக்கு இரைப்பையின் உள்சுவரும் அடிபடும். அப்போது பி12 சேராது. தைராய்டு மாத்திரையும் சரியாகச் சேராது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு வழியிலும் பி12 குறையும். 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தால் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்லது. பல வருடமாக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் பி12-ஐயும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

கை கால் மரத்துப்போவது இரண்டு குறைவிலும் வரும், எங்கே தொடங்குகிறது என்று கேட்டாலே பாதி விடை கிடைக்கும். பி12 குறைவில் பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் தொடங்கும். தைராய்டு குறைவில் மணிக்கட்டு நரம்பு அழுந்துவதால் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் பக்கம், அதுவும் ராத்திரியில். ரத்தத்தில் பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு, 200-லிருந்து 300 வரை சந்தேக எல்லை. கேழ்வரகிலும் கீரையிலும் பி12 கிடையாது. முட்டை, மீன், கறி, பால், தயிர்தான் வழி. ஃபோலிக் அமிலத்தை மட்டும் தொடர்ந்து போட்டால் ரத்தம் தேறும், நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். மரத்துப்போவது தெரிந்தால் ஊசிதான் பத்திரம்.

டி

விளம்பரம் அதிகம், ஆதாரம் குறைவு. ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்கு டி குறைவாக இருப்பது அடிக்கடி தெரிகிறது. ஆனால் டி கொடுத்தால் தைராய்டு மாத்திரை தேவைப்படாது என்பதற்கு ஆதாரம் இல்லை. ரத்தத்தில் டி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் எலும்புக்காகச் சரிசெய்யலாம்: வழக்கமாக வாரம் ஒருமுறை 60,000 யூனிட், 8 வாரம், எண்ணெய் நெய் உள்ள சாப்பாட்டோடு. வார மருந்தைத் தினமும் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

நம் இரு மாவட்டங்களிலும் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பல்லில் பழுப்புக் கறையும் இடுப்பு, கழுத்து இறுக்கமும் சேர்ந்திருந்தால், அது டி குறைவாக இல்லாமல் போர் தண்ணீரின் ஃபுளோரைடாக இருக்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான்.

அயோடினுக்கு அயோடின் கலந்த உப்பு போதும். தனி மாத்திரை வேண்டாம். அயோடின் மிஞ்சினாலும் தைராய்டு மந்தமாகும்.

நேரக் கணக்கு

காலை 5.30-க்கு தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரில். 6.30-க்கு முன் காபியோ கூழோ வேண்டாம். இரும்பு 11 மணிக்கு, நெல்லிக்காயோடு. கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு. ஓசூரில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் மணியைப் பார்க்க வேண்டாம். கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் ஆனபின், தூங்கப்போகும் முன் தைராய்டு மாத்திரையைப் போடலாம். நேரத்தை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். பாருங்கள், அதற்கு முன் பார்ப்பது வீண் செலவு.

பயோட்டின்

முடிக்கென்று விற்கும் பி வகை வைட்டமின் இது. தைராய்டுக்குச் சிகிச்சையே இல்லை, குழப்பம். ஒரு நாள் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். முடி மாத்திரைகளில் 5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கும். பல பரிசோதனைக் கருவிகள் பயோட்டினை வைத்தே அளவெடுப்பதால், டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்துங்கள். டி.எஸ்.எச். திடீரென்று விழுந்து, ஆள் மட்டும் அதே சோர்வில் இருந்தால், தைராய்டு டோஸைக் குறைப்பதற்கு முன் முடிக்கு என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள்.